கதவில் ஓட்டைகள்

குழந்தைகள் காப்பகத்துக் கதவில் பூட்டு இடம் மாறிக்கொண்டே இருந்தது. குழந்தைகளுக்கு எட்டக்கூடாது என்று விதி வந்ததும் ஆயா பிலோமினா ஆளை வைத்து மேலே ஏற்றினாள். தீப்பிடித்தால் குழந்தைகளே திறக்க வேண்டும் என்றார்கள் அடுத்து ஆய்வுக்கு வந்தவர்கள், இறக்கினாள். அந்த உயரமும் தப்பு என்றார்கள். கழற்றிய இடமெல்லாம் விரல் பருமனுக்கு ஓட்டை. சாயங்காலமானால் எட்டிய ஓட்டையில் கண்ணை வைத்து, குழந்தைகள் அம்மாவுக்காகக் காத்திருக்கும். "ஓட்டையே இருக்கக்கூடாதும்மா, இப்ப ரூல் மாறிடுச்சு," என்றார் இன்று வந்த ஆய்வாளர். "சரிங்க மேடம்." எதிர்த்துப் பேச பிலோமினாவுக்குத் தெம்பில்லை. எம்-சீலைப் பிசைந்து அவர் கண்ணெதிரிலேயே அடைத்தாள். ஆய்வாளர் வெளியே வந்து, சாத்திய கதவில் சாய்ந்து செருப்பை மாட்டினார். காயாத எம்-சீலைத் துளைத்துக்கொண்டு ஒரு சின்ன விரல் வெளியே வந்தது. புடவை தட்டுப்பட்டதும் அங்கேயே நின்றது. ஆய்வாளரும் நகரவில்லை.