ஒரு வாய் தண்ணீர்

"மச்சான்... தண்ணி குடுடா."

செல்போன் திரையில் வளவன் தள்ளாடி நின்றான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற தமிழரசன், கையிலிருந்த பாட்டிலைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில், குழந்தைக்குப் பால் கொடுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த பூவிழி பதறிக் கத்தினாள்.

"அண்ணே, குடுங்கண்ணே! அவரு முகமே சரியில்ல!"

தமிழரசன் போன் பக்கம் திரும்பவே இல்லை.

"தர மாட்டேன். போடா, ஓடு!" என்றான் வளவனிடம்.

மலேசியாவில் போட்டி. விடிகாலையில் கடலில் நீந்தி, வெயிலில் சைக்கிள் மிதித்து, இப்போது ஓட்டம். கூடப் படித்தவன், துணைக்கு நான் வரேன் என்று லீவு போட்டுக் கிளம்பியவன்தான் தமிழரசன். அவனை நம்பித்தான் புருஷனை அனுப்பியிருந்தாள் பூவிழி. வீட்டில் பார்க்கட்டும் என்று போனை வேலியில் சாய்த்து வைத்தவனும் அவனே.

களை பறித்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த மாமியார் அம்சம் எட்டிப் பார்த்தாள்.

"யாரு, மிராசு வீட்டுப் புள்ளதானே? கேட்டும் குடுக்கலையா?"

"இல்ல அத்தை."

"எப்படிக் குடுப்பான்? இவன் தாத்தா களத்துல நாங்க கையைக் குவிச்சுக்கிட்டு நிப்போம். செம்பு எங்க மேல பட்டுடாம எட்ட நின்னு ஊத்துவாங்க. பிளேன் ஏறிப் போனா மட்டும் புத்தி மாறிடுமா அவனுக்கு?"

திரையில் வளவன் இல்லை. தமிழரசனும் இல்லை. வெறும் ரோடு. அப்புறம் அதுவும் கட்டாகிவிட்டது.

குழந்தை தூங்கி எழுந்துவிட்டது. பூவிழி போனைக் கீழேயே வைக்கவில்லை.

ஒரு வழியாக அடித்தது. வளவன் தரையில் கால் நீட்டிக் கிடந்தான். கழுத்தில் பதக்கம்.

"முடிச்சுட்டேன் பூவிழி!"

"அது கிடக்கட்டும். தண்ணி கேட்டீங்க, அவரு குடுக்கலையே!"

"கேட்டேனாமே? எனக்கு ஞாபகமே இல்ல. வெளியாள் கையால ஒரு மடக்கு வாங்கியிருந்தா, அங்கேயே போட்டியை விட்டு அனுப்பியிருப்பாங்க. அவங்க வெச்சிருக்கிற இடத்துலதான் குடிக்கணும். அது வரைக்கும் வேலிக்கு வெளியிலேயே என்னைத் திட்டிக்கிட்டே கூட ஓடிவந்தான், தடியன்."

"எல்லாம் சாக்கு," என்று முணுமுணுத்தாள் அம்சம்.

திரைக்குள் தமிழரசனின் கை நீண்டது. அதே பாட்டில்.

"இப்பக் குடிடா."

வளவன் வாய் வைத்து மடமடவென்று குடித்தான்.

"டேய், எனக்கும் கொஞ்சம் வைடா! காலையிலேருந்து தொண்டை காயுது."

வெடுக்கென்று பிடுங்கிய தமிழரசன், துடைக்கக்கூட இல்லை. அப்படியே வாய் வைத்து மிச்சத்தையும் குடித்து முடித்தான்.

அம்சம் மருமகள் கையிலிருந்து போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"ஏம்மா... அந்தத் தம்பி அண்ணாந்துகூடக் குடிக்கலையே!"