படகில் தூங்கும் பெண்

"போகமாட்டேன்னு சொல்றது நீங்க இல்லை மிர்த்தா, உங்க பயம். அந்தப் பயத்தை நாம..."

"பக்கத்துல ஒரு குடித்தனம் கிடையாது டாக்டர். கத்தினாக்கூட யாருக்கும்..."

"என்னை முடிக்க விடுங்க."

"நீங்க முடிச்சிட்டுக் கடற்கரைக்குக் கிளம்பிடுவீங்க. நான்தானே அந்தத் தீவுக்குப் படகு ஏறணும்?"

டாக்டர் பெர்லா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிப்ரவரி பிறந்தால் பியூனஸ் அயர்ஸில் மனநல வைத்தியர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அங்கே அது நடுக்கோடை; வெயில் தாங்காமல் மாதம் முழுக்கக் கடலோரம் போய்விடுவார்கள். அதனாலேயே ஜனவரிக் கடைசியில் அவர்களிடம் வருகிறவர்களுக்குக் கெட்ட கனவு பெருக்கெடுக்கும். அம்மா வெளியே கிளம்பினால் பிள்ளைக்கு வயிறு வலிக்குமே, அந்த மாதிரி. பெர்லா பார்க்காத பிப்ரவரியா?

மிர்த்தா நீள சோபாவில் மல்லாந்து படுத்திருந்தாள். கால்விரல்கள் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன. தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெர்லாவுக்கு அவள் முகம் தெரியாது. இந்த வைத்தியத்தின் வழக்கமே அதுதான்.

"சரி, கனவை இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா."

"அதே கனவுதான். தீவு. பழுப்பு ஆறு. படகுல ஒரு பொம்பளை தூங்கறா. அவ காலைச் சுத்திக் கயிறு. கயிறோட இன்னொரு முனையில ஒரு பழைய இரும்பு அடுப்பு. கரையில நாய் குரைச்சுக்கிட்டே இருக்கு. அடுப்பைத் தண்ணியில தள்ளினதும் நாய் குரைக்கறதை நிறுத்திடுது."

கனவைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் பாடம் ஒப்பிப்பது போல ஆகிவிடும். குற்றவுணர்ச்சி அப்படித்தான் ஒளிந்துகொள்ளும் என்பது பெர்லாவின் கணக்கு.

"அப்புறம்?"

"முழிப்பு. முழிச்சதும் மனசு லேசா இருக்கு. நல்லாப் பசிக்குது, ரொட்டி ரெண்டு கூடவே இறங்குது. அதுதான் எனக்குத் தாங்கலை டாக்டர்."

"ஏன் தாங்கலை?"

மிர்த்தா வேறு கேள்வி போட்டாள். "கனவு யாருக்கு வருதோ அவங்க ஆசைதான் அதுல இருக்கும்னு சொன்னீங்க. நிஜம்தானா?"

"குளிர்காலத்துலேருந்து அதையேதானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அப்போ தள்ளணும்கிற ஆசை இருக்கு."

"இருக்கு. இருக்குன்னு ஒத்துக்கறதுதான் வைத்தியம். கனவுல தள்ளினவங்க நிஜத்துல தள்ளமாட்டாங்க."

"எப்பவுமேவா?"

"அநேகமா."

"அநேகமா," என்று மிர்த்தா அந்தச் சொல்லைக் கடித்துப் பார்ப்பவள் போலச் சொன்னாள். "என் தங்கச்சி கேக்கறா, படுக்க வச்சுக் கனவு கேட்டு யாருக்குடி குணமாச்சு, மாத்திரைன்னா தூக்கமாவது வரும்னு."

"அவளையும் இதே சோபாவுல படுக்கச் சொல்லுங்க. அந்த நாக்குல எத்தனை கனவு இருக்குன்னு பார்த்துடலாம்."

மற்ற நாளாக இருந்தால் மிர்த்தா சிரித்திருப்பாள். இன்று கால்விரல்கள் ஆடுவதுகூட நின்றுபோயிற்று.

"அந்தப் பொம்பளைக்கு முகம் தெரியலைன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்களே?" என்றாள் பெர்லா.

"நேத்து ராத்திரி தெரிஞ்சுது."

"யார் முகம்?"

"என் முகம்."

பெர்லா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். இத்தனை மாதமாகத் தேடிய நூல் முனை கையில் கிடைத்துவிட்டது.

"இதுக்காகத்தான் மிர்த்தா காத்துக்கிட்டிருந்தேன். புருஷன் உட்காருன்னா உட்கார்ந்து, எழுந்திருன்னா எழுந்திருச்ச பழைய மிர்த்தாதான் படகுல தூங்கறா. அவளை நீங்களே ஆத்துல விட்டுட்டீங்க. பின்னே ஏன் பசிக்காது? சிறையிலேருந்து வந்தவன் முதல்ல சாப்பாடுதான் கேப்பான். உங்களுக்குக் குணமாகிட்டு வருது. தைரியமா உங்க புருஷன் ஒஸ்வால்டோகூடத் தீவுக்குப் போய் இருந்துட்டு வாங்க."

மிர்த்தா எழுந்து உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் தெருவாசல் மணி அடித்தது.

"உங்க வீட்டுக்காரர்தானே? மூட்டை முடிச்செல்லாம் கார்ல ஏத்தியாச்சு போலிருக்கு. வாங்க, கதவைத் திறந்துவிடறேன்."

பெர்லா சாவியை எடுத்துக்கொண்டாள். அந்தக் கட்டடத்தின் தெருக்கதவு, உள்ளே வரவும் வெளியே போகவும் சாவி போட்டால்தான் திறக்கும். வந்தவர்களைக் கீழே வரை கொண்டுபோய் விடுவது அவளுக்கு வைத்தியத்தில் பாதி.

மிர்த்தா நகரவில்லை. திரும்பி, பெர்லாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது.

"அவரை இங்கே வரச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன் டாக்டர். எனக்கென்ன பைத்தியமான்னு சிரிச்சார். தினம் காலையில மாத்தே டீயை உறிஞ்சிக்கிட்டே, ராத்திரி தான் கண்ட கனவை ஒண்ணு விடாம சொல்லுவார். ஆள் வராட்டிப் போகட்டும், கனவையாவது உங்ககிட்ட கொண்டு வந்துடுவோம்னுதான் நான் வந்தேன்."

மணி மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை விரலை எடுக்காமல், நீளமாக.

பெர்லாவின் உள்ளங்கையில் சாவி சில்லிட்டது.

"நேத்து சாயங்காலம் எங்கிருந்தோ ஒரு பழைய இரும்பு அடுப்பு வாங்கிட்டு வந்து கார்ல வச்சிருக்கார், தீவு வீட்டுக்கு வேணுமாம். இப்போ சொல்லுங்க டாக்டர், கதவைத் திறக்கப் போறீங்களா?"