காலியாகப் போகும் நாற்காலி

"இங்க வேலை காலி இருக்குன்னு உனக்கு யாரும்மா சொன்னது?" என்றார் மேனேஜர்.

"யாரும் சொல்லல சார். இன்னும் காலி ஆகல. இனிமேதான் ஆகும்."

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

அவசரக்குடுக்கை, அவசரக்குடுக்கை என்று வீட்டில் திட்டித் திட்டி, கடைசியில் குடுக்கை என்பதே அவள் பெயராகிவிட்டது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். எட்டு மாதமாக விளம்பரம் பார்த்துப் பார்த்து ஓடினாள். எங்கே போனாலும் அவளுக்கு முன்னால் நாற்பது பேர். நாற்பது பேர் கையிலும் சான்றிதழ். விளம்பரம் வந்த பிறகு போனால் வரிசைதான் கிடைக்கும். அது வருவதற்கு முன்னாலேயே போய் நின்றுவிட வேண்டும் என்று முடிவு கட்டினாள். வந்து நின்றும் விட்டாள்.

அது லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப் பொத்தானை அழுத்தினால் இந்த ஆபீசில்தான் போன் அடிக்கும். எடுத்துப் பேசுவது மாடி அக்கா. குடுக்கைக்கு மேல்வீடு.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா பேசிக்கொண்டிருந்தாள்.

"அழாதீங்கம்மா. மெக்கானிக் கிளம்பிட்டாரு. அவர் வர்ற வரைக்கும் நான் எங்கேயும் போக மாட்டேன். பாப்பாவைப் பேசச் சொல்லுங்க... தங்கம், அங்க எத்தனை பொத்தான் இருக்கு? எண்ணிச் சொல்லு பார்ப்போம்."

பேச்சோடு பேச்சாக நிமிர்ந்தவள் குடுக்கையைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

இவங்க எதுக்கு இப்படிச் சந்தோஷப்படறாங்க என்று குடுக்கைக்குப் புரியவில்லை. பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"வீடு எங்கம்மா?"

"மாடி அக்கா வீட்டுக்குக் கீழ்வீடு சார். அதோ, போன்ல பேசறாங்களே, அவங்க."

"அட, அந்தப் பொண்ணா நீ?" மேனேஜர் முகம் மலர்ந்தது. "உன்னைப் பத்தி..."

"இருங்க சார், நான் முதல்ல சொல்லிடறேன்." அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை குடுக்கைக்குக் கிடையாது. "அக்காவுக்கு வலது காது சுத்தமாக் கேக்கல. ஒரு வருஷமா இப்படித்தான். அந்தப் பக்கமா நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டாங்க. படியில பார்த்தாக்கூட என்னை இடது பக்கமா இழுத்து நிறுத்திக்கிட்டுதான் பேசுவாங்க. போன் வேலையில காது போனா எத்தனை நாளைக்கு ஓடும்? எப்படியும் ஆள் தேடுவீங்க. எனக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்கும்."

மேனேஜர் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார். கண்ணாடித் தடுப்பு வழியாக அக்காவைப் பார்த்தார்.

"நிஜமாவா?"

"எனக்குப் பொய் வராது சார். எதையும் மூஞ்சிக்கு நேராச் சொல்லித்தான் பழக்கம்."

"சரி, போ. சொல்லி அனுப்பறேன்."

பத்தாம் நாள் சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமை வந்து சேர வேண்டும்.

"உனக்கா வேலை?" அம்மா நம்பவில்லை. "அங்க போய் வாயை மூடிக்கிட்டு இருந்தியாடி?"

"இல்ல. பேசித்தான் வாங்கினேன்," என்றாள் குடுக்கை பெருமையாக.

அன்று சாயங்காலம் படியில் அக்கா வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் டீ குடிக்கிற கப்பும், ஸ்வெட்டரும், மேசைக் கடிகாரமும் முட்டிக்கொண்டு கிடந்தன.

வழக்கம்போல் குடுக்கையின் தோளைப் பிடித்து இடது பக்கமாக நிறுத்திக்கொண்டாள்.

"கிடைச்சிடுச்சாமே! எனக்குத் தெரியும்டி. புதுசா முப்பது கட்டடம் வந்திருக்கு, இன்னொரு ஆள் வேணும்னு சார் சொன்னாரு. விளம்பரமே குடுக்காதீங்க, எங்க கீழ்வீட்டுல ஒரு பொண்ணு இருக்கா, படபடன்னு பேசுவா, ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டான்னு நான்தான் சொன்னேன். மறுநாளே நீ வந்து நிக்கற. நான் உங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி அவரே கூப்பிட்டுட்டாருன்னு நினைச்சேன்."

குடுக்கை அக்கா கையிலிருந்த துணிப்பையைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காரலாம்னு இருந்தேன். குடுத்து வைக்கல. என் காது விஷயம் எப்படியோ தெரிஞ்சு டாக்டர்கிட்ட அனுப்பிட்டாங்க. அவரு எழுதிக் குடுத்துட்டாரு, அவ்வளவுதான். ஒரு வருஷம் ஒத்தைக் காதுலதான் ஓட்டினேன், ஒரு போனைக்கூட விட்டதில்லை." அக்கா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "என் நாற்காலிதான் உனக்கு. இன்னொண்ணுக்கு இனிமே விளம்பரம் குடுப்பாங்களாம். நாற்காலி ஒரு பக்கமா ஆடும். காலுக்குக் கீழே அட்டையை மடிச்சு வச்சிருக்கேன், பெருக்கும்போது தூக்கிப் போட்டுடாத."

சொல்லிவிட்டு, குனிந்து பைக்குள் வீட்டுச் சாவியைத் துழாவினாள்.

எதையும் மூஞ்சிக்கு நேராகச் சொல்லித்தான் பழக்கப்பட்டவள் ஒரு படி மேலே ஏறினாள். அக்காவைச் சுற்றிக்கொண்டு வலது பக்கமாகப் போய் நின்று, "நான்தான்க்கா சொன்னேன்," என்றாள்.