அமரர் சேர்க்காத பெயர்

விருது பெறுவோருக்கென ஒதுக்கப்பட்ட வரிசையில், ஒலிபெருக்கி தன் கணவரின் பெயரைச் சொல்வதற்காகச் சுபோதினி காத்திருந்தாள்.

வலப்பக்க நாற்காலி வெறுமையாக இருந்தது. அதன் முதுகில் 'வ. கேதாரநாதன் – நாவல்' என்று அச்சிட்ட கடதாசி ஒட்டப்பட்டிருந்தது.

இடப்பக்கத்தில் கொட்டாஞ்சேனைப் புளோறன்ஸ் இருந்தாள். நாவலைக் கணினியில் தட்டச்சுச் செய்து கொடுத்தவள் அவளே. அரசாங்கத்தின் இலக்கிய விழா என்றபடியால் கல்யாணச் சேலையைக் கட்டி வந்திருந்தாள். அந்தக் கனத்த பட்டும் மண்டபத்தின் குளிரைத் தடுக்கவில்லை.

மேடையில் சிங்கள நூல்களுக்கான விருதுகள் வழங்கி முடிந்தன. அடுத்தது தமிழ்.

அறிவிப்பாளராக நின்றவர் விழாவை நடத்தும் திணைக்களத்து உத்தியோகத்தர் ஸவாஹிர். சென்ற வாரம் சுபோதினியைத் தொலைபேசியில் அழைத்தவரும் அவர்தான்.

"மிஸ், தப்பா நெனக்க வாணாம். பேருக்கு முன்னால அமரர்னு போடவா?"

"வேண்டாம்."

"அப்ப சேர் வருவாரா?"

"நீங்கள் கூப்பிடுங்கோ."

ஸவாஹிர் விதியை மெதுவாக எடுத்துச் சொன்னார். எழுத்தாளர் காலமாகியிருந்தால், மரணச் சான்றிதழைக் காட்டி மனைவி மேடையேறி விருதைப் பெறலாம். உயிரோடிருந்தால் அவரே வர வேண்டும். இரண்டுமில்லாவிட்டால் விருது திணைக்களத்துக்கே திரும்பிவிடும்.

விருது திரும்பிப் போவதைப் பற்றிச் சுபோதினி கவலைப்படவில்லை.

பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், கேதாரநாதன் தாம் வேலை செய்த இரும்புக் கடைக்குச் சாமான் எடுப்பதற்காக வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் கொட்டாஞ்சேனை பஸ் ஏறினார். கொட்டாஞ்சேனையில் அவர் இறங்கியதைக் கண்டவர் எவருமில்லை. இடையில் இருந்த சோதனைச் சாவடியில் அவரை இறக்கியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். பின்பு அவரும் அதைச் சொல்லவில்லை.

அதன் பிறகு காணாமற்போனோரை விசாரிக்கும் ஆணைக்குழுக்கள் வந்தன. ஒவ்வோர் ஆணைக்குழுவும் அவளுக்கு ஓர் இலக்கம் கொடுத்தது. இலக்கத்தைச் சொல்லியே உள்ளே அழைத்தார்கள். கேள்வி கேட்டவர்கள் மாறினார்கள். இறுதியில் சொன்னது மட்டும் மாறவில்லை. மரணச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா, நட்டஈடு கிடைக்கும்.

அவள் எடுக்கவில்லை.

அரசாங்கத்தின் வாய் ஒரு தடவையாவது அந்தப் பெயரை, உயிரோடிருக்கும் ஒரு மனிதரின் பெயராக, சபையறியச் சொல்ல வேண்டும். அவள் வேண்டி நின்றது அவ்வளவுதான்.

ஸவாஹிர் ஒலிவாங்கியை நெருங்கினார். பஸ் ஏறிய ஒருவர் எந்தத் தரிப்பிடத்திலும் இறங்காமலே போகின்ற அந்தக் கதையின் கற்பனை வளத்தை நடுவர்கள் வியந்து பாராட்டியிருப்பதாக வாசித்தார். அமைச்சர் நினைவுச் சின்னத்தைக் கையிலேந்தி மேடையின் முன்னே வந்தார்.

ஸவாஹிரின் பார்வை ஒரு கணம் சுபோதினியின் பக்கமாக வந்து போயிற்று.

"வெள்ளவத்தை, திரு. வ. கேதாரநாதன்."

அமரர் இல்லை.

கைதட்டல் எழுந்தது. எவரும் எழவில்லை. கைதட்டல் மெல்ல மெல்ல நைந்து, ஒருவர் இருவருடைய கைகளில் தங்கி, பின் நின்றது. அமைச்சர் மேடைப் படிகளைப் பார்த்தார். அருகில் நின்ற செயலாளரைப் பார்த்தார். புகைப்படக்காரர் கமெராவைத் தாழ்த்தினார்.

பின்வரிசையில் யாரோ வாசற்பக்கம் திரும்பினார். அவரைக் கண்டு இன்னொருவர் திரும்பினார். சற்றைக்கெல்லாம் மண்டபம் முழுவதும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எத்தனையோ அலுவலகங்களின் வாங்குகளில் உட்கார்ந்து அவள் அவருக்காகக் காத்திருந்தாள். இன்றைக்கு அரசாங்கம் காத்து நின்றது.

புளோறன்ஸ் அவளுடைய காதருகே குனிந்தாள்.

"எழுதினவ நீ. அந்த மனுசன் கடைச் சிட்டையத் தவிர வேற என்னத்த எழுதினார்? உண்மையைச் சொல்லிட்டு எழும்பிப் போ, சுபோ. மினிஸ்டர் எவ்வளவு நேரம் நிப்பார்?"

சுபோதினி மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறு. அவர் ஒருநாளும் முதல் கூப்பாட்டுக்கு வந்தவரில்லை."

அவளுடைய முழங்கையைப் பற்றியிருந்த புளோறன்ஸின் கை விலகிற்று. அந்தக் கை நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு இறங்கி, சிலுவை அடையாளம் வரைந்தது.

நாவலின் ஒவ்வொரு வரியையும் சமையலறை மேசையிலிருந்து எழுதியவள் தானே என்பதைச் சுபோதினி மறந்துவிடவில்லை. முகப்பு அட்டையில் அவருடைய பெயரைப் போடச் சொன்னவளும் அவளே. பெயரை ஒருமுறை கேட்டுவிட்டு, பின்கதவால் வெளியேறி, வீட்டுக்குப் போய்விடுவதென்ற எண்ணத்தோடுதான் அவள் புறப்பட்டு வந்திருந்தாள்.

ஸவாஹிர் தொண்டையைச் செருமினார். இம்முறை அவருடைய குரல் தாழ்ந்து, வீட்டு வாசலில் நின்று ஒருவரை அழைப்பதைப் போல ஒலித்தது.

"திரு. கேதாரநாதன்."

சுபோதினி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

பிறகு, எல்லோரையும் போல, அவளும் திரும்பி வாசலைப் பார்த்தாள்.