அண்டங்காகத்தின் இலை

1946ஆம் ஆண்டு, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சனிக்கிழமைக் காலை. குசினிக்குப் பின்னால் மதிலில் இருந்த காகம் ஆறு தரம் கத்தியது. அதற்குப் பக்கத்தில் இருந்த இன்னொன்று ஒரே ஒரு தரம் கத்தியது. எத்தனை கத்தலோ அத்தனை விருந்தாளி என்பது தெய்வானையின் கணக்கு. அது பிழைத்ததில்லை.

“ஏழு பேர் வருகினம்,” என்றாள்.

அவள் கணவர் அம்பலவாணர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார். “சாம்பல் கழுத்து இருக்கிறதுதான் ஊர்க்காகம். மற்றது முழுக் கறுப்பு, அண்டங்காகம். அதை எண்ணாதையும்.”

அவள் குசினிக்குள் போய் ஏழு பேருக்கே சமைத்தாள்.

பதினொரு மணிக்கு வாசலில் ரிக்‌ஷாக்கள் நின்றன. யுத்தகாலம் முழுவதும் கடிதமே இல்லாதிருந்த அவள் தம்பி குலசேகரம், மலாயாவிலிருந்து மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும் வந்து இறங்கினான். அவனோடு அங்கே போயிருந்த அவர்களின் தகப்பன், ஐயா, போன வருடம் காலமாகிவிட்டார் என்று சொல்லி அழுதான். சின்னவள் இடையில் புகுந்து, “பசிக்குது,” என்றாள். அழுகை சிரிப்பாகிவிட்டது.

தெய்வானை ஏழு இலையிலும் பரிமாறினாள். கடைசி இலைக்கு முன்னால் ஒருவரும் உட்காரவில்லை. சாப்பாடு முடியும்வரை வீடு ஒரே கலகலப்பு.

எடுக்கப் போனபோது ஏழு இலைகளும் உள்பக்கமாக மடித்திருந்தன. கடைசி இலையை விரித்துப் பார்த்தாள். முருங்கைக்காய்ச் சக்கைகள், ஐயா வைக்கிற மாதிரியே, ஓரமாக வரிசையில் அடுக்கியிருந்தன.

“நல்லாச் சாப்பிட்டிருக்கிறார்,” என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

அம்பலவாணர் ஒரு பிடி சோற்றோடு மதிலடிக்குப் போனார். சாம்பல் கழுத்துக்காரரை எல்லாம் விரட்டிவிட்டு, கறுப்பனுக்கு முன்னால் வைத்தார்.