கூரை தொட்ட தூக்கம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் கைச்சரக்கு ஒரு சொல்கூட இல்லை.

இரவுக் காவலாளி ஒருவர் பகலில் தூக்கம் வராமல் தவித்தார். பஸ் நிலையத்தில் பாதி விலைக்குத் தூக்க மாத்திரை வாங்கி வந்தார். அன்று மதியமே கட்டிலைவிட்டு மெல்ல எழும்பிவிட்டார். பஞ்சுபோல மிதந்தபடி, குறட்டைக்கு ஒரு சாண் உயர்ந்தார். தையல்காரியான மனைவி முதலில் மின்விசிறியை நிறுத்தினாள். பிறகு அவர் கால் கட்டைவிரலில் அளவு டேப்பைக் கட்டி, மறுமுனையைத் தையல் மெஷினில் முடிந்தாள்.

மாத்திரை அட்டையோடு மருந்துக்கடைக்கு ஓடினாள். தெரு மெத்தையாய் அமுங்கியது.

கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "பேட்ச் நம்பர் இல்ல, தேதிய சுரண்டியிருக்கு, எழுத்து கையில ஒட்டுது. போலிம்மா! பில் வாங்கினாரா?"

"பாதி விலைக்கு எவண்ணே பில் குடுப்பான்? அவர் உயிருக்கு ஒண்ணும் ஆகாதே?"

"உள்ள என்ன இருக்குன்னு செஞ்சவனுக்கே தெரியாது. முழுங்கினவர உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

வீட்டில் கணவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"இறங்கிட்டீங்களா! கிளம்புங்க, டாக்டர்கிட்ட போகணும். அந்த மாத்திரை போலியாம்!"

"வீட்டுக்கு வந்து அட்டையப் பார்த்ததுமே தெரிஞ்சுதே. நான் ஒண்ணுகூடப் போடல, அசதியில தானா தூங்கிட்டேன். திருப்பிக் குடுக்கலாம்னு வச்சிருந்தேன். அது கிடக்கட்டும், என் கால எதுக்குடி மெஷின்ல கட்டின?"

மதியம் தலைவலி என்று, கண்ணாடி போடாமல் அந்த அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையை விழுங்கியது அவள்தான்.