சப்பாத்துக்குள் செம்மண்

பதினாலு வருசத்துக்குப் பிறகு நோர்மன் தம்பி வீட்டுக் கேற்றைத் தாண்டினார்.

நடைதான் கொஞ்சம் கோணலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்து இரண்டுக்குள்ளும் ஒவ்வொரு பிடி செம்மண். அவருடைய சொந்த வீட்டு வளவு மண்.

இந்த யோசனையைக் கொடுத்தவர் கொலும்பா.

போன ஞாயிறு தேவாலயத்தில் போதகர் சொன்ன கதை அது. ஆயிரத்து நானூறு வருசத்துக்கு முந்திய அயர்லாந்துத் துறவி. ஒரு புத்தகத்தைப் பார்த்தெழுதிய பிரதி யாருக்குச் சொந்தம் என்று தொடங்கிய சண்டை பெரும் போராகி ஆட்கள் செத்துப்போக, மனம் நொந்தவர் இனி இந்த மண்ணை மிதிப்பதில்லை என்று சத்தியம் பண்ணிக் கடல் தாண்டிப் போனாராம். பிறகு ஒருநாள் வந்தே தீரவேண்டியிருந்தது. வந்தார். தான் குடியிருந்த தீவின் புல்மண்ணை வெட்டி உள்ளங்காலில் கட்டிக்கொண்டு வந்தார்.

புனிதர் என்றாலும் ஆள் யுக்தியில் விண்ணன்தான் என்று நோர்மன் நினைத்துக்கொண்டார்.

நோர்மனுக்கும் தம்பி றொபினுக்கும் நடுவில் நின்றது ஒரு வேலி. வேலி அடைத்த அன்று றொபின் ஒன்றரை அடி தள்ளிக் கதிகால் நட்டுத் என் காணியைப் பிடித்துவிட்டான் என்றார் நோர்மன். அது என் பங்குதான் என்று றொபின் ஒற்றைக்காலில் நின்றான். நோர்மன் வீட்டுக்குள் ஓடிப்போய் வேதப்புத்தகத்தைத் தூக்கிவந்து, சாகும்வரை உன் மண்ணை மிதிக்கமாட்டேன் என்று அதன்மேல் கை வைத்து, மருதனார்மடம் சந்திவரை கேட்கச் சத்தியம் பண்ணினார்.

கோபம் எப்போதோ ஆறிவிட்டது. சத்தியம்தான் ஆறவில்லை.

இப்போது றொபினை ஆஸ்பத்திரியில் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இன்றோ நாளையோ. அந்த முகத்தை ஒருதரம் பார்க்காமல் விட்டால் தனக்கு நிம்மதியான சாவு வராது என்று நோர்மனுக்குத் தெரியும்.

முற்றம் கடந்து, படி ஏறி, வாசலில் நின்றபோதுதான் விளங்கியது.

சப்பாத்தைக் கழற்றவேண்டும்.

எழுபத்திரண்டு வருசமாகச் செருப்பை வாசலில் விட்டு வீட்டுக்குள் போன மனிதர், இந்த ஒன்றை மட்டும் யோசிக்க மறந்துபோனார். கொலும்பாவுக்கு இந்தக் கரைச்சல் இருந்திருக்காது.

கழற்றினால் வேதத்தில் அடித்த சத்தியம் போச்சு. போட்டபடி உள்ளே போனால் சாகக் கிடக்கிறவனை மதிக்காத மாதிரி. திரும்பிப் போகவோ மனம் வரவில்லை. அந்த மனிதர் நின்ற இடத்திலேயே வியர்த்துப்போனார்.

றொபினின் மனைவி மியூரியல் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கழட்டிப்போட்டு வாங்கோ அத்தான். நீங்கள் இப்பிடித்தான் வருவியள் எண்டு அவருக்குத் தெரியும். நான் சேர்ச்சாலை வந்து போதகரின்ரை கதையைச் சொன்ன உடனை என்னைக்கொண்டு மண் போடுவிச்சவர்."

வாசலில் இருந்து கட்டில்வரை, துடைத்து மினுக்கிய சீமெந்து நிலத்தில், ஓரடி அகலத்துக்குச் செம்மண் பரவியிருந்தது.

தன் வளவுக்குள் இவள் எப்போது வந்து அள்ளினாள் என்று நோர்மன் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"உங்கடை வளவுக்கை நான் வரேல்லை. வேலிக்கு இஞ்சாலை, எங்கடை பக்கத்திலைதான் எடுத்தனான். அவர் சொன்னவர், அந்த ஒண்டரை அடியும் அண்ணையின்ரை மண்தானாம்."

நோர்மன் சப்பாத்தைக் கழற்றினார். வாசலில் கிடந்த சாக்கில் இரண்டு உள்ளங்கால்களையும் அழுத்தி அழுத்தித் துடைத்தார், தன் மண் ஒரு துகளும் ஒட்டியிராதபடி.

பிறகு செம்மண்ணுக்குப் பக்கத்தால், தம்பி வீட்டு வெறும் சீமெந்தில் நடந்து உள்ளே போனார்.